எந்த கன்சோல் வென்றது என்று கேட்பதற்கு முன், அந்த எண் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்

கேள்வி இது: சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற மூன்று வீடியோ கேம் பெட்டிகளின் (கன்சோல்) விற்பனையை எப்படி ஒப்பிடுவது? கன்சோல் சந்தை தேங்கிவிட்டது, எல்லோரும் பிசிக்குப் போகிறார்கள் என்பது உண்மையா?

முதலில் கையில் இருக்கும் எண்கள். 2025 செப்டம்பர் 30 நிலவரப்படி ஸ்விட்ச் 15.40 கோடி, பிஎஸ்5 8.42 கோடி. ஸ்விட்ச் 2 அதே ஆண்டு ஜூன் 5-ல் வெளியாகி, நான்கு மாதத்துக்குள் 1.036 கோடி போய்விட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டும் சேர்த்து எவ்வளவு என்பதை மைக்ரோசாப்ட் சொல்வதே இல்லை. 2015 அக்டோபரிலேயே கன்சோல் எண்ணிக்கை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இணையத்தில் எக்ஸ்பாக்ஸுக்கு நேரே துல்லியமாக ஓர் எண் போட்டிருந்தால் அது யாரோ செய்த மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதை சோனியின் அறிக்கை எண்ணோடு ஒரே அட்டவணையில் வைப்பது முதல் தவறு.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது. சோனியும் நின்டெண்டோவும் காலாண்டு அறிக்கையில் தரும் எண் கடைகளுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் விற்றது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது அல்ல. கடை அலமாரியிலும் கிடங்கிலும் கப்பலிலும் இருக்கும் பெட்டிகள் எல்லாம் அதில் அடக்கம். சில சமயம் சோனி இரண்டாவது வகை எண்ணையும் தனியாக அறிவிக்கும். 2023 டிசம்பர் 9-க்குள் 5 கோடி பிஎஸ்5 வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது என்று அறிவித்தது அப்படிப்பட்டது. அதே டிசம்பர் 31 வரை கடைகளுக்கு அனுப்பியது 5.48 கோடி. நடுவில் இருக்கும் 48 லட்சத்தில் கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று வார விற்பனையும் உண்டு, கடையில் மிச்சம் இருந்ததும் உண்டு. நன்றாக விற்கும் கன்சோலில் இந்த இடைவெளி சீக்கிரம் கரைந்துவிடும். விற்காத கன்சோலில் பல மாதம் நிற்கும், பிறகு திடீரென்று அடுத்த காலாண்டு அனுப்புதல் சரியும். அந்தச் சரிவைப் பார்த்து "மக்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதுவார்கள். உண்மையில் மக்கள் ஆறு மாதம் முன்பே நிறுத்தியிருப்பார்கள்.

பழைய கன்சோல்களோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். சோனி 2007 வாக்கில் கணக்கிடும் முறையையே மாற்றியது. அதற்கு முன் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதை எண்ணினார்கள், பிறகு விற்றதை எண்ணத் தொடங்கினார்கள். பிஎஸ்2-க்கு நெடுங்காலம் 15.5 கோடி என்ற எண் புழங்கியது. பிறகு சோனியே 16 கோடிக்கு மேல் என்று சொன்னது. நின்டெண்டோ டிஎஸ் 15.402 கோடி. மேலே சொன்ன செப்டம்பர் 30 அன்று ஸ்விட்ச் 15.401 கோடி, அதாவது டிஎஸ்ஸுக்குப் பத்தாயிரம் மட்டுமே குறைவு. அடுத்த காலாண்டில் தாண்டிவிட்டது. நின்டெண்டோவுக்குள் முதலிடத்துக்கான இந்தப் போட்டியில் எந்த நாள் வரையிலான எண் என்பதைச் சொல்லாமல் பேசினால் பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

குடும்பக் கணக்கு என்று ஒன்றும் இருக்கிறது. கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்த்து 11.87 கோடி என்று நின்டெண்டோ ஒரே வரியில் போடும். பிஎஸ்4 11.72 கோடி. கேம் பாய் இரண்டையும் ஒரு குடும்பமாக எண்ணினால் கேம் பாய் மேலே, பிரித்தால் பிஎஸ்4 மேலே. ஸ்விட்ச் எண்ணுக்குள் 2019-ல் வந்த லைட், 2021-ல் வந்த ஓஎல்இடி இரண்டும் உண்டு. அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஸ்விட்ச் இருப்பது சாதாரணம். பிஎஸ்5 பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றுதான். ஆகவே 15 கோடி ஸ்விட்ச் என்றால் 15 கோடி வீடு என்று படிக்கக் கூடாது.

நிதியாண்டும் குழப்பும். சோனிக்கும் நின்டெண்டோவுக்கும் மார்ச்சில் ஆண்டு முடிகிறது, மைக்ரோசாப்டுக்கு ஜூனில். சோனியின் மூன்றாம் காலாண்டு அக்டோபர் முதல் டிசம்பர், மைக்ரோசாப்டின் மூன்றாம் காலாண்டு ஜனவரி முதல் மார்ச். "மூன்றாம் காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் பிஎஸ்5-ஐவிட இவ்வளவு குறைவு" என்று எழுதியிருப்பதில் பாதி, பண்டிகை மாதங்களை வெறும் மாதங்களோடு ஒப்பிட்டதால் வந்த வித்தியாசமாக இருக்கலாம்.

சரி, நியாயமான ஒப்பீடு எப்படிச் செய்வது? இரண்டு கன்சோலையும் பிறந்த நாளிலிருந்து சமமாக நிறுத்துங்கள். பிஎஸ்4 2013 நவம்பரில் வந்தது, பிஎஸ்5 2020 நவம்பரில். இரண்டுக்கும் நான்கரை ஆண்டு தொடும் இடத்தில் நிறுத்தினால், 2018 மார்ச் முடிவில் பிஎஸ்4 ஏறத்தாழ 7.9 கோடி, 2025 மார்ச் முடிவில் பிஎஸ்5 7.78 கோடி. கிட்டத்தட்ட சமம். இங்கே நின்றுவிட்டால் "வளர்ச்சியே இல்லை" என்று தோன்றும். ஆனால் விலையைப் பக்கத்தில் வையுங்கள். பிஎஸ்4 அமெரிக்காவில் 399 டாலரில் தொடங்கி, 2015-ல் 349, 2016-ல் ஸ்லிம் மாடலோடு 299 என்று இறங்கியது. பிஎஸ்5 499-ல் தொடங்கி 2025 ஆகஸ்டில் 549 ஆக ஏறியது. இந்தியாவிலும் அதே கதைதான்: 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய், 2022 நவம்பரில் 54,990. விலை இறங்கி இறங்கி விற்ற எண்ணிக்கையை, விலை ஏறிக்கொண்டே போன கன்சோல் தொட்டிருக்கிறது. அதுவும் முதல் இரண்டு ஆண்டு சிப் தட்டுப்பாட்டில் கடையில் கிடைக்காமல் இருந்த பிறகு. என் கணிப்பில் இந்தத் தலைமுறையைப் பற்றிய மிக முக்கியமான தகவல் இதுதான். எத்தனை கோடி என்ற எண்ணைவிட, விலை இறங்குவது நின்றுபோனது பெரிய மாற்றம்.

ஏன் நின்றது? முன்பெல்லாம் சிப் தயாரிப்பு ஒவ்வொரு புதிய தலைமுறைக்கும் மலிவானது. அதே சிப்பைச் சிறிதாக்கினால் ஒரு சிலிக்கான் வட்டில் அதிகம் வரும், மின்சாரம் குறையும், மின்வழங்கியும் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கும் சிறிதாகும், பெட்டியே சுருங்கும். ஸ்லிம் மாடல்கள் வந்த வழி அது. இப்போது சிறிய டிரான்சிஸ்டருக்குப் போனாலும் ஒவ்வொன்றின் விலையும் பெரிதாகக் குறைவதில்லை. அதன் மேல் அமெரிக்க இறக்குமதி வரி, பிறகு ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்பை அள்ளிக்கொண்டு போவது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2025-ல் மட்டும் இருமுறை ஏறி, 499 டாலரிலிருந்து 649-ல் போய் நின்றது. ஐந்து வயதான கன்சோல் பிறந்த நாள் விலையைவிட 150 டாலர் கூடுதலாக விற்பது இந்தத் துறையில் முன்பு யாரும் பார்க்காத ஒன்று.

எக்ஸ்பாக்ஸ் எங்கே நிற்கிறது என்பதற்கு நேரடி எண் இல்லையென்றாலும் தடயங்கள் உண்டு. கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்க 2022-ல் பிரேசில் ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுத்த ஆவணத்தில், பிஎஸ்4 முந்தைய தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஒன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றது என்று மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டது. பிஎஸ்4 எண் தெரியும் என்பதால் எக்ஸ்பாக்ஸ் ஒன் 5.9 கோடிக்குக் கீழே என்பது கணக்கு. சீரிஸ் தலைமுறைக்குக் கிடைப்பது வன்பொருள் வருவாய் சதவீதம் மட்டும். 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அது முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் வீழ்ந்தது. வருவாய் வீழ்ச்சியை எண்ணிக்கை வீழ்ச்சி என்று நேராக மாற்றாதீர்கள். மலிவான சீரிஸ் எஸ் அதிகம் விற்றால் எண்ணிக்கை குறைவதைவிட வருவாய் கூடுதலாகக் குறையும். விலை ஏற்றினால் எண்ணிக்கை சரிந்தாலும் வருவாய் சரிவு சிறிதாகத் தெரியும்.

இதைவிட அடிப்படையான ஒன்று, கன்சோல் பெட்டியில் லாபம் இல்லை என்பது. பிஎஸ்3 வெளியானபோது 60 ஜிபி மாடலின் பாகங்களுக்கும் தயாரிப்புக்கும் மட்டும் சுமார் 840 டாலர் ஆகிறது என்று ஐசப்ளை நிறுவனம் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது. விற்ற விலை 599. கேம் நிறுவனமான எபிக் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021-ல் மைக்ரோசாப்ட் அதிகாரி சாட்சியம் அளித்தபோது, எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். பணம் வருவது வேறு வழியில்: விற்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதக் கமிஷன், ஆன்லைன் சந்தா, சொந்த ஸ்டூடியோ கேம்கள். நின்டெண்டோ மட்டும் பொதுவாகப் பெட்டியிலும் நஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளும். அதன் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2025 மார்ச் வரை 6.82 கோடி. அதாவது ஸ்விட்ச் வைத்திருப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தைந்து பேரிடம் அந்த ஒரே கேம். அதுவும் 2014-ல் நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவுக்காக வந்த கேமின் விரிவாக்கம். வீ யூ மொத்தமே 1.36 கோடிதான் விற்றது. தோற்ற கன்சோலின் கேம் அடுத்த கன்சோலைத் தூக்கி நிறுத்தியது.

பெட்டியில் லாபம் இல்லை, கேமில்தான் லாபம் என்றால், கேமை மற்றவர் பெட்டியிலும் விற்க வேண்டியதுதானே? இந்தக் கேள்விதான் பிசியை நடுவில் கொண்டுவந்தது. பெரிய கேம் ஒன்றை உருவாக்கும் செலவு இன்று பல கோடி டாலர். சில கேம்களுக்கு 20 கோடி டாலரைத் தாண்டுகிறது. 8 கோடி பிஎஸ்5-களில் ஐந்தில் ஒருவர் வாங்கினாலே பெரிய வெற்றி. அந்தக் கூரை உயரவில்லை, செலவு உயர்கிறது. சோனி 2020-ல் ஹொரைஸன் ஸீரோ டானைப் பிசிக்குக் கொண்டுவந்தது, 2022-ல் காட் ஆஃப் வாரும் ஸ்பைடர்-மேனும் வந்தன. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 பிஎஸ்5-லும் பிசியிலும் ஒரே நாளில் வெளியாகி 12 வாரத்தில் 1.2 கோடி விற்றது. மைக்ரோசாப்ட் இன்னும் தூரம் போனது. தன் கேம்கள் எல்லாவற்றையும் முதல் நாளே பிசியில் விட்டு, 2024 முதல் அவற்றில் பலவற்றைப் பிளேஸ்டேஷனிலும் விற்கிறது. ஃபோர்ஸா ஹொரைஸன் 5 2025 ஏப்ரலில் பிஎஸ்5-க்கு வந்தது. போட்டியாளரின் பெட்டியிலேயே கடை விரித்த பிறகு பெட்டிகளை மட்டும் எண்ணி வெற்றி தோல்வி சொல்வது பொருந்தாது. நின்டெண்டோ மட்டும் இந்த வழியில் போகவில்லை. அதனால் பெட்டி எண்ணிக்கை இன்னும் முழு அர்த்தத்தோடு இருப்பது அங்கே மட்டும்தான்.

இனி பிசி. இங்கே "எத்தனை விற்றது" என்று கேட்கவே முடியாது. அலுவலக லேப்டாப்பில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவரும் உண்டு, இரண்டு லட்சம் ரூபாய் கணினியில் மைன்கிராஃப்ட் ஆடுபவரும் உண்டு. ஆகவே பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் எண்களை எடுப்பார்கள். ஒரே நேரத்தில் ஸ்டீமில் இருந்தவர்கள் 2025 மார்ச்சில் முதன்முறை 4 கோடியைத் தாண்டினார்கள். ஆனால் இது பின்னணியில் ஸ்டீம் திறந்து கிடக்கும் கணினிகளையும் சேர்த்தது. உண்மையில் கேம் ஓடிக்கொண்டிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கன்சோல் பக்கத்தில் இதற்கு நிகரான எண்ணும் வெளியாவதில்லை. சோனி தருவது மாதத்தில் ஒருமுறையாவது வந்தவர்களின் எண்ணிக்கை, 2025 மார்ச்சில் 12.4 கோடி. "ஸ்டீம் 4 கோடி, பிளேஸ்டேஷன் 12 கோடி" என்று போட்டால் ஒரு நொடியை ஒரு மாதத்தோடு ஒப்பிட்டதாகும். ஸ்டீமின் மாதக் கணக்கு 2021-லேயே 13.2 கோடி.

ஸ்டீம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அது கேட்கப்பட்டவர்களில் சம்மதித்தவர்களின் மாதிரி. 2025 பிப்ரவரியில் எளிதாக்கப்பட்ட சீன மொழிக்காரர்களின் பங்கு ஒரே மாதத்தில் சுமார் 20 புள்ளி எகிறிப் பாதியைத் தொட்டது, அடுத்த மாதமே இறங்கியது. அந்த மாதம் கிராபிக்ஸ் கார்டு பட்டியலும் கூடவே புரண்டது. யாரும் கார்டு மாற்றவில்லை, கேட்கப்பட்ட ஆட்கள் மாறினார்கள். ஒரு மாத எண்ணை விட்டு ஆறு மாதப் போக்கைப் பாருங்கள்.

சீனா இங்கே தற்செயலாக வரவில்லை. 2000 முதல் 2015 வரை அங்கே கன்சோல் விற்பனைக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருந்தது. ஒரு தலைமுறை முழுக்க இணைய மையங்களில் பிசியில் விளையாடி வளர்ந்தது. கொரியாவில் பிசி பாங் எனப்படும் இணைய விளையாட்டு மையப் பழக்கமும் அதேபோல். 2024 ஆகஸ்டில் பிளாக் மித்: வூகாங் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேரைத் தொட்டதற்கு இந்த வரலாறுதான் காரணம். பிசி சந்தை வளர்கிறது என்பதைக் கன்சோல்காரர்கள் பிசிக்கு ஓடுகிறார்கள் என்று படிப்பது அதனால்தான் பாதி மட்டுமே சரி. வளர்ச்சியின் பெரும்பகுதி, கன்சோலே வாங்கியிராத ஆட்களிடமிருந்து வந்தது.

பிசியின் பலவீனம் விலை. நடுத்தரத்துக்குச் சற்று மேலான ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு 2014-ல் 329 டாலர். அதைவிட மேல்நிலையில் உள்ள ஆர்டிஎக்ஸ் 3080 2020-ல் 699, அடுத்த தலைமுறையின் 4080 2022-ல் 1,199. 2021-ல் கிரிப்டோ சுரங்கம் தோண்டுபவர்கள், அதாவது கணினியில் கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டுபவர்கள், கார்டுகளை மொத்தமாக வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அது ஓய்ந்தது, விலை பழைய இடத்துக்கு வரவில்லை. காரணத்தை என்விடியாவின் கணக்கிலேயே பார்க்கலாம். 2020 நிதியாண்டில் அதன் வருவாயில் பாதி கேமிங். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 13,050 கோடி டாலரில் கேமிங் 1,135 கோடி, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளையாடுபவர் இப்போது அந்த நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் அல்ல. 2025 முடிவில் ராம் விலையும் அதே காரணத்தால் தாறுமாறாக ஏறியது. மைக்ரான் தன் குரூஷியல் நுகர்வோர் பிராண்டையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது.

இதற்கு நடுவே ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி 2022 பிப்ரவரியில் 399 டாலரில் வந்து, கன்சோல் மாதிரி நடந்துகொள்ளும் பிசி என்ற வகையைப் பரவலாக்கியது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் அதன் உயிர்நாடி. வாங்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: இயங்குதளத்தின் அடியில் அமரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள பல கேம்கள் அதில் ஓடாது. வேலொரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 இறுதியில் லினக்ஸ் ஆதரவை நிறுத்திக்கொண்டது. நண்பர்களோடு ஆடும் ஒரே கேம் இந்தப் பட்டியலில் இருந்தால் விண்டோஸ் கையடக்கக் கருவிதான் வழி.

இப்போது வாங்குபவருக்கு. பெட்டி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் விலைப்படி 549 டாலர் பிஎஸ்5-ல் பணம் கொடுத்து வாங்கும் கேமை ஆன்லைனில் ஆட ஆண்டுக்கு 80 டாலர் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா. ஐந்தாண்டில் 400. ஆக மொத்தம் சுமார் 950, கேம் விலை தனி. பிசியில் ஆன்லைன் இலவசம், ஸ்டீமில் பல கேம்களுக்கு ரூபாயில் இந்திய விலை உண்டு, பழைய கேம் வீணாவதில்லை. ஆனால் டிஸ்க் உள்ள பிஎஸ்5-ல் முடித்த கேமை விற்றுவிடலாம், பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்கலாம். பிசியில் அது கிடையாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பெரிய கேம் மட்டும் தனியாக ஆடுபவர், சந்தா எடுக்காமல் டிஸ்க் மாற்றிக்கொண்டால் பிஎஸ்5 இன்றும் மலிவு. பத்துப் பதினைந்து சிறிய கேம்களைத் தள்ளுபடியில் வாங்குபவருக்குப் பிசி மலிவு. நின்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லை. கிடைப்பது இறக்குமதிச் சரக்கு, உத்தரவாதத்தைக் கடைக்காரரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பிசி கட்டுவதானால் கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி நினைவகத்தோடு நிற்காதீர்கள். பிஎஸ்5-ல் கிராபிக்ஸும் மற்ற வேலையும் சேர்ந்து 16 ஜிபி பொதுவில் பகிர்கின்றன, கேம்கள் அந்த அளவை மனதில் வைத்துதான் உருவாகின்றன. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) அமைப்பை உயர்த்தினால் இடம் போதாமல் சாதாரண ராமுக்கு வழிந்து, நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சராசரி நன்றாக இருக்கும்போதே ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வெளியானபோது 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் 50 டாலர்தான் வித்தியாசம், பெட்டியின் பெயரோ ஒன்றே. கடையில் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு திக்கல் ஷேடரால், அதாவது காட்சியின் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களால், வருவது. கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் ஷேடர்களை உருவாக்குநரே தயாராகத் தொகுத்து அனுப்புவார். பிசியில் உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்ப உங்கள் கணினியில்தான் அது நடக்க வேண்டும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிசிக்கு வந்தபோது பலருக்கு இந்தத் தொகுப்பே நெடுநேரம் ஓடியது. முதன்முறை திறக்கும்போது ஷேடர் தொகுப்புப் பட்டை வந்தால் அது முடியும்வரை ஆட்டத்துக்குள் போகாதீர்கள். டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி நடக்கும், அது கோளாறு அல்ல. பெரிய கன்சோல் கேம் பிசிக்கு வந்ததும் முதல் வாரத்தில் வாங்க வேண்டாம். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, வாங்கிய 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு மணியில் ஷேடர் தொகுக்கும் நேரமும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.